செயின் இல்லாத வண்டி, உப்புக் காற்று: நிலாவெளி டிராக்ஸ்டார் 400 ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2024 ஓகஸ்ட். கச்சான் காற்று இன்னும் விட்டபாடில்லை. பின்னேரம் நாலரை மணி இருக்கும். நிலாவெளி வீதியால் ஒரு குரூசர் மோட்டார் சைக்கிள் மெல்ல ஊர்ந்து வந்து உப்புவெளியில் உள்ள என் கராஜ் வாசலில் நின்றது. ஓட்டி வந்தவர் நிலாவெளியில் சிறிய தங்குமனை நடத்துகிறவர். புறாமலைக்கு ஆட்களை ஏற்றிப் படகும் விடுகிறார். பல வருஷப் பழக்கம். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை, சொல்லத் தொடங்கிவிட்டார்.

"தம்பி, கியர்பெட்டி போட்டுது போல கிடக்கு. குச்சவெளியால வரேக்க இறக்கக்கண்டிப் பாலத்தடியில திரொட்டிலை முறுக்கினன். கர்ர் எண்டு கத்திச்சுது, வண்டி இழுக்கேல்லை. விட்டுப் பிடிக்கப் பிறகு இழுத்துது. அங்க இருந்து ரெண்டாம் கியரிலயே உருட்டிக்கொண்டு வாறன்."

"இதுக்கு முதல் ஏதும் சத்தம் இருந்ததோ அண்ணை?"

"மூண்டு நாலு மாசமா இருக்கு. விட்டு முறுக்கேக்க பின்னால டங் எண்டும். கிளச் எண்டு சொல்லி ஒரு இடத்தில தட்டு மாத்தினாங்கள். சத்தம் அப்பிடியேதான்."

கிளச் மாற்றியும் போகாத சத்தம். அடுத்தது கியர்பெட்டிதான் என்று அவர் முடிவு கட்டியே வந்திருந்தார். இந்த வண்டியில் கியர்பெட்டியைத் திறப்பது என்றால் இன்ஜினைச் சட்டத்தில் இருந்து இறக்கி, இரண்டாகப் பிளக்க வேண்டும். கூலி ஒரு பக்கம், பார்ட்ஸ் தேடும் அலைச்சல் இன்னொரு பக்கம். "இப்ப ஒண்டையும் திறக்க வேண்டாம் அண்ணை, ரெண்டு நாள் வண்டியை விட்டிட்டுப் போங்கோ" என்றேன்.

அந்த இரண்டு நாளில் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிழக்குக் கரையில் ஷாஃப்ட் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தேவைப்படும்.

வண்டியைப் பற்றி

வண்டி யமஹா டிராக்ஸ்டார் 400. ஜப்பானில் 1996-இல் வந்த மாதிரி. 399 சி.சி., காற்றால் குளிரும் இரண்டு சிலிண்டர், 70 பாகை வி அமைப்பு. சிலிண்டர் விட்டம் 68 மி.மீ., ஸ்ட்ரோக் 55 மி.மீ. சுமார் 32 குதிரைவலு. இரண்டு காபரேட்டர், ஐந்து கியர். பின் சில்லுக்குச் செயினும் இல்லை, பெல்ட்டும் இல்லை. சுவிங் ஆர்முக்குள், அதாவது பின்சில்லைத் தாங்கும் கைக்குள், ஓடும் இரும்புத் தண்டு. அதுதான் ஷாஃப்ட்.

ஏன் 400 என்று பலர் கேட்பார்கள். ஜப்பானில் 1975-இல் மோட்டார் சைக்கிள் லைசன்ஸை வகுத்தபோது நடுத்தர வகுப்புக்கு 400 சி.சி. எல்லை வைத்தார்கள். அதற்கு மேலே போக வேறு, கடினமான பரீட்சை. ஆகவே அந்த நாட்டுக் கம்பனிகள் எல்லாம் பெரிய வண்டியின் தோற்றத்தையும் சுகத்தையும் 400-க்குள் அடக்கிக் காட்டப் போட்டி போட்டன. 1988-இல் ஹொண்டாவின் ஸ்டீட் 400 வந்தது. 52 பாகை வி, தண்ணீரால் குளிரும் இன்ஜின், செயின். டிராக்ஸ்டார் அதற்கு எதிர்த் திசையில் போனது. தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் இல்லை, செயின் இல்லை. முன்னால் நின்று பார்த்தால் இன்ஜினுக்கும் கண்ணுக்கும் நடுவே ஒன்றுமே கிடையாது, குளிர்ச்சித் தகடுகள் மட்டும்தான். ரெட்ரோ தோற்றத்தில் பாதி இந்த இல்லாமையால் வருவது.

மிச்சப் பாதி பின்பக்கம். பழைய அமெரிக்க வண்டிகளுக்குப் பின்னால் சொக் (அதிர்வு தாங்கி) கிடையாது. சட்டம் நேராகச் சில்லின் அச்சு வரை போகும். அந்தச் சாய்வுக் கோட்டின் அழகை விட மனமில்லாமல் ஹார்லி டேவிட்சன் 1984-இல் சொஃப்ட்டெயில் என்று ஒன்றைக் கொண்டுவந்தது: பார்வைக்குச் சொக் இல்லை, உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது. டிராக்ஸ்டாரும் அந்த வழிதான். சீற்றுக்குக் கீழே ஒற்றைச் சொக், லிங்க் வைத்துச் சுவிங் ஆர்மோடு பிணைத்தது. பக்கத்தில் நின்று எவ்வளவு குனிந்து பார்த்தாலும் தெரியாது. பின்சில்லு மேலும் கீழும் போக 86 மி.மீ. மட்டுமே இடம் உண்டு. குழியில் விழுந்தால் முதுகெலும்பு அதைச் சொல்லும்.

இருக்கை உயரம் 660 மி.மீ. என் அம்மாவின் திண்ணைக் கதிரை இதைவிட உயரம். அச்சுக்கு அச்சு 1,610 மி.மீ., முன் ஃபோர்க் 35 பாகை சாய்வு. கந்தளாய்ப் பக்கம் நேர் வீதியில் விட்டால் கையை லேசாக வைத்திருந்தாலே போதும், கோடு போட்டதுபோல் போகும். அதே வண்டியைக் கோட்டை வாசலுக்குள் விட்டுக் கோணேசர் கோயில் ஏற்றத்தில் கூட்டத்துக்கு நடுவே திருப்பிப் பாருங்கள், தோள் வலிக்கும். நீளமும் சாய்வும் சேர்ந்தால் இப்படித்தான் இருக்கும். இதைக் குறையாக நான் சொல்லவில்லை. எதற்குச் செய்தார்களோ அதற்கு நன்றாக இருக்கிறது.

சத்தத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இந்த வழக்கோடு சம்பந்தப்பட்டது. இரண்டு பிஸ்டனும் கிராங்கின் ஒரே முளையில் தொங்குகின்றன. சிலிண்டர்கள் 70 பாகை விலகி நிற்பதால் ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடைவெளி சமமாக வராது: ஒருமுறை 290 பாகை, மறுமுறை 430. நொண்டி நொண்டி அடிப்பதுபோல் வரும் அந்தத் தாளம்தான் ஆட்களைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது. ஆனால் காதுக்குத் தாளமாகக் கேட்பது பின்சில்லுக்குப் போகும் வழியெல்லாம் அடியாக விழுகிறது. தாழ்ந்த வேகத்தில், பெரிய கியரில் முறுக்கினால் அந்த அடி இன்னும் கனம். செயினில் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. இரும்புத் தண்டில் அது மிகக் குறைவு.

இனி அந்த ஷாஃப்ட். கிராங்க் குறுக்காகச் சுழல்கிறது. தண்டு முன் பின்னாக ஓடுகிறது. சில்லு மறுபடியும் குறுக்காகச் சுழல வேண்டும். ஆகவே சுழற்சியை இரண்டு இடத்தில் 90 பாகை திருப்ப வேண்டும். கியர்பெட்டி வெளியே வரும் இடத்தில் ஒரு சோடி சாய்பல் கியர், சில்லுப் பக்கத்தில் இன்னொரு சோடி. சில்லுப் பக்கச் சோடி அலுமினியப் பெட்டிக்குள் தனி எண்ணெயில் ஓடும். அந்த எண்ணெய் 200 மில்லி லீற்றர்கூட வராது. தண்டு வழியாகக் கொஞ்சம் சக்தி வீணாகும். திரொட்டிலைத் திறந்தால் வண்டியின் பின்பக்கம் லேசாக எழும்பும். முதல்முறை ஓட்டுகிறவருக்கு அது விசித்திரமாக இருக்கும்.

இவ்வளவு சிரமப்பட்டு இதைச் செய்ததன் பலனை எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கடற்கரையில் செயின் என்ன பாடு படும் என்று தெரியும். இரவு வெளியில் நிறுத்தினால் விடியக் காலையில் செம்மஞ்சள். எண்ணெய் பூசினால் அதில் மணல் ஒட்டி ஸ்புறொக்கெட்டை அராவித் தள்ளும். மூடிய ஷாஃப்ட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. திருகோணமலைக்கு ஷாஃப்ட் மாதிரி பொருந்துகிற ஏற்பாடு வேறு இல்லை என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

ஒரேயொரு இடம் தவிர. பின்சில்லை டயர் மாற்றக் கழற்ற வேண்டுமே? ஆகவே கடைசிக் கியருக்கும் (சில்லுப் பக்கச் சோடியைத்தான் அப்படிச் சொல்கிறோம்) சில்லுக்கும் நடுவே கழற்றிப் பூட்டக்கூடிய இணைப்பு ஒன்று வேண்டும். கியர் பக்கத்தில் பல் வெட்டிய வளையம், சில்லின் நடுப்பாகமான ஹப் பக்கத்தில் அதற்குப் பொருந்தும் பற்கள். ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நுழைந்துகொள்ளும். ஸ்ப்ளைன் என்பது இதுதான். இன்ஜினின் முழு வலுவும், முதல் கியரில் பல மடங்காகப் பெருகி, இந்தப் பற்களின் பக்கச் சுவர் வழியாகத்தான் சில்லுக்குப் போகிறது. கியர் எண்ணெய் இங்கே வராது. பூட்டும்போது பூசும் கிரீஸ் மட்டுமே துணை.

வண்டியின் கதை

மெக்கானிக் வேலையில் பாதி, கதை கேட்பது. கராஜ் வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அண்ணை சொன்னதை ஒழுங்குபடுத்தினால் இப்படி வருகிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. அதற்குப் பிறகு இருக்கிற வண்டியைக் காப்பாற்றுவதே பிழைப்பு என்றாகிவிட்டது. 2022-இல் பெற்றோல் தட்டுப்பாடு. ஜூலையில் கியூஆர் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றார்கள். அண்ணையிடம் ஒரு ஸ்கூட்டரும் இருந்தது. குறைவாகக் குடிக்கும் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு டிராக்ஸ்டாரைப் படகுக் கொட்டிலில் நிறுத்திவிட்டார். கொட்டில் கடலில் இருந்து ஐம்பது அடி. அந்த ஆண்டு வாடைக் காற்றும் மழையும் முழுவதும் வண்டி அங்கேதான் நின்றது. ஏழெட்டு மாசம் அசைவில்லை.

2023-இல் மறுபடி வெளியில் எடுத்தபோது காபரேட்டர் அடைத்திருந்தது, பற்றரி செத்திருந்தது. அவை எதிர்பார்த்தவை, சரிசெய்தாயிற்று. அதோடு, ஒரே இடத்தில் காற்றிறங்கி நின்றதால் பின் டயரின் பக்கச் சுவர் வெடித்திருந்தது. டயர் அளவு 170/80-15, இலகுவில் கிடைக்காது. எப்படியோ ஒன்றைத் தேடிப்பிடித்து ஒரு டயர்க் கடையில் மாற்றினார். மீற்றரில் அப்போது 38,400 கிலோமீற்றர்.

"சில்லைக் கழட்டினது அந்தக் கடைப் பொடியன்களோ?"

"ஓம். நல்லாத்தான் செய்தாங்கள். அழுக்கு எல்லாம் பெற்றோல் ஊத்திக் கழுவி, பளிங்கு மாதிரித் தந்தாங்கள்."

பெற்றோல் ஊற்றிக் கழுவி. அந்தச் சொல்லில் என் மனம் நின்றுவிட்டது. இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் எதையும் சொல்லவில்லை.

இன்னொன்றும் கேட்டேன், வண்டியை எப்படிக் கழுவுகிறீர்கள் என்று. நல்ல பழக்கம் உள்ள மனிதர். கடல் உப்பு படும் என்று தெரிந்து, நாள் தவறாமல் பின்னேரம் குழாய் பிடித்துக் கழுவுகிறார். தண்ணீர் எங்கே இருந்து? வீட்டுக் கிணற்றில் இருந்து. கிணற்றுத் தண்ணீர் எப்படி? "கோடையில உவர்தான் தம்பி, குடிக்கேலாது." உப்பைக் கழுவ உவர்நீர். காய்ந்தபின் அது விட்டுப்போவதும் உப்புத்தான். இது அவருடைய பிழை என்று நான் நினைக்கவில்லை. கரையோரத்தில் பெரும்பாலானோர் இதைத்தான் செய்கிறார்கள், இருக்கிற தண்ணீர் அதுதானே.

சோதனை

அடுத்த நாள் காலை. குரூசருக்கு நடு ஸ்டாண்ட் கிடையாது. சட்டத்துக்கு அடியில் பலகை வைத்து ஜாக் போட்டுப் பின்சில்லைத் தரையில் இருந்து நாலு விரல் தூக்கினேன்.

முதலில் கிளச். இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, பின்பிரேக்கை மிதித்துக்கொண்டு மெல்ல விட்டேன். வழுக்கல் இல்லை, இன்ஜின் நிற்கப் பார்த்தது. கிளச் நல்லது. முன்பு மாற்றாமல் விட்டிருந்தாலும் நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டாவது, ஆட்டம். இன்ஜினை நிறுத்தி முதல் கியரில் போட்டு, சில்லைக் கையால் முன்னும் பின்னும் உருட்டினேன். டக், டக். டயரில் சோக்கால் கோடு போட்டு, சுவிங் ஆர்மில் இருந்து அளந்தேன். டயரின் விளிம்பில் 52 மி.மீ. ஆட்டம். எந்த வண்டியிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். கியர் பற்களுக்கு இடையே இடைவெளி வேண்டும். ஆனால் இரண்டு அங்குலம் அதிகம். கேள்வி என்னவென்றால் அந்த இரண்டு அங்குலம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது. கியர்பெட்டியிலா, அதன் வாயில் உள்ள முதல் திருப்பத்திலா, தண்டின் மூட்டிலா, கடைசிக் கியரிலா, ஸ்ப்ளைனிலா?

இதற்கு ஒரு இலகுவான வழி இருக்கிறது, கருவி எதுவும் வேண்டாம். சில்லைக் கழற்றிவிட்டு மிச்சத்தைக் கையால் ஆட்டிப் பார்ப்பது. வண்டி கியரில் இருக்கும்போது கடைசிக் கியரின் வளையத்தைக் கையால் திருப்பினால், முன்னால் உள்ள அத்தனை ஆட்டமும் கைக்குத் தெரியும். அது பெரிதாக இருந்தால் நோய் முன்னால். சிறிதாக இருந்தால் நோய் நான் கழற்றி வைத்த சில்லில்.

அச்சை உருவும்போதே ஒரு அறிகுறி. வழக்கமாகச் சில்லைப் பக்கவாட்டில் இழுத்தால் கிரீஸ் பிடியில் கொஞ்சம் இறுகி, பிறகு ப்ளக் என்று விட்டு வரும். இது உலர்ந்த சத்தத்தோடு, கல் உரலில் உலக்கை உரசுவதுபோல் வந்தது. சில்லைக் கீழே சாய்த்ததும் ஹப்புக்குள் இருந்து தூள் கொட்டியது. சிவப்புத் தூள். செங்கல் மாவைவிட நயம், குங்குமத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்தேன். எண்ணெய்ப் பசை துளியும் இல்லை. விரல் ரேகையில் ஏறிக்கொண்டது, சவர்க்காரம் போட்டும் இரவு வரை போகவில்லை.

டோர்ச் பிடித்து உள்ளே பார்த்தேன். நல்ல ஸ்ப்ளைனில் ஒவ்வொரு பல்லும் மேலே தட்டையாக, இரண்டு பக்கச் சுவரும் நேராக இருக்கும். இங்கே ஒவ்வொரு பல்லும் சுறாப் பல்லாக மாறியிருந்தது. அடியில் கொஞ்சம் அகலம், மேலே கத்தி விளிம்பு, ஒரு பக்கம் சாய்ந்து. முடுக்கும்போது அழுத்தம் வாங்கும் பக்கம் குழிந்து போயிருந்தது. நகத்தை வைத்தால் விழும் அளவு குழி. கலிப்பரால் அளந்ததில் பல்லின் தடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு இல்லை. பாலத்தடியில் கர்ர் என்று கத்தியது, இந்தப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தாவிய சத்தம். இன்னும் சில நூறு கிலோமீற்றரில் முழுதாக விட்டிருக்கும்: இன்ஜின் ஓடும், கியர் விழும், வண்டி நகராது. புல்மோட்டை வீதியில் இரவில் அப்படி நின்றால் என்ன செய்வது என்பதை அண்ணையிடம் நான் சொல்லவில்லை, அவருக்கே விளங்கியது.

சரி, மறுபக்கம். கடைசிக் கியரின் வளையத்தைக் கையால் பிடித்துத் திருப்பினேன். கியரில் இருக்கும்போது மிகச் சிறிய ஆட்டம், ஒழுங்கான ஆட்டம். நியூட்ரலில் போட்டுச் சுற்றினால் வெண்ணெய்போல் சுழன்றது, எங்கும் கரகரப்பு இல்லை. எண்ணெய்த் திருகைக் கழற்றி வடித்தேன். கறுத்திருந்தது, ஆனால் இரும்புச் செதில் இல்லை, தண்ணீர் கலந்த பால் நிறமும் இல்லை. வளையத்தின் பற்களில் லேசான தேய்வு, வடிவம் கெடவில்லை. அது ஹப்பைவிடக் கடினமான இரும்பு. ஹப் முன்னே தேய்ந்து வளையத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

கியர்பெட்டிக்கு ஒன்றும் இல்லை. இன்ஜினைத் திறந்திருந்தால் அந்தச் செலவு முழுக்க வீண்.

இன்னுமொன்று. ஹப்புக்கும் கடைசிக் கியர்ப் பெட்டிக்கும் நடுவே தூசியும் தண்ணீரும் போகாமல் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதன் பள்ளம் இருந்தது, வளையம் இல்லை. வழியெங்கும் தேடினேன், துண்டுகூட இல்லை. கழன்று விழ வழியில்லை. பூட்டும்போதே போடவில்லை.

எப்படித் தேய்ந்தது

ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாக நிற்கும் இரண்டு இரும்புகள் உண்மையில் அசையாமல் நிற்பதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் மயிரிழையைவிடக் குறைவான அளவு உரசிக்கொண்டே இருக்கும். இந்த இன்ஜின் நொண்டி நொண்டி அடிப்பது என்று முன்பு சொன்னேனே, அந்த அடி ஒவ்வொன்றும் இங்கே ஒரு சிறு உரசல். நடுவே மொலிப்டினம் டைசல்பைட் கலந்த கிரீஸ் இருந்தால், அழுத்தத்தில் எண்ணெய் பிதுங்கிப் போனாலும் அந்தக் கருஞ்சாம்பல் தூள் படலமாக ஒட்டி நின்று இரும்பை இரும்பில் இருந்து பிரித்து வைக்கும். அது இல்லாவிட்டால் உரசலில் நுண்ணிய துகள் பிய்ந்து வரும். பிய்ந்த உடனே காற்றோடு சேர்ந்து துருவாகும். நான் விரலில் தேய்த்த சிவப்புத் தூள் அதுதான். இரும்பைவிடக் கடினமான தூள். வெளியே போக வழியில்லாமல் பற்களுக்கு நடுவிலேயே கிடந்து, உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதுபோல் மேலும் தேய்க்கும். தேயத் தேய ஆட்டம் கூடும், ஆட்டம் கூடக் கூட அடி பலமாகும். முதல் ஆறு மாதம் யாருக்கும் தெரியாது, கடைசி இரண்டு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இந்த வண்டியில் நடந்ததை வரிசையாக வைத்தால்: பெற்றோல் தட்டுப்பாட்டால் வண்டி நின்றது. நின்றதால் டயர் வெடித்தது. டயர் வெடித்ததால் சில்லு கழன்றது. கழற்றியவர்கள் பற்களில் இருந்த பழைய கிரீஸை அழுக்கென்று நினைத்துக் கழுவிவிட்டார்கள், புதிது பூசவில்லை, ரப்பர் வளையத்தையும் போடவில்லை. அந்தத் திறந்த வழியால் நாள்தோறும் உவர்நீர் உள்ளே போனது. அப்புறம் 8,500 கிலோமீற்றர்.

டயர்க் கடைப் பையன்களை நான் திட்டவில்லை. எங்கள் பக்கம் ஓடும் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை செயின் வண்டிகள். செயின் வண்டியில் சில்லைக் கழற்றிப் பூட்டுகிறவன் ஹப்பைச் சுத்தமாகத் தந்தால் அது நல்ல வேலை. ஷாஃப்ட் வண்டி பத்தில் ஒன்றுகூட அவர்கள் கைக்கு வருவதில்லை.

என் பார்வையில் இதில் வண்டியின் வடிவமைப்புக்கும் ஒரு பங்கு உண்டு. குறை என்று சொல்ல மாட்டேன், தன்மை என்று சொல்வேன். ரெட்ரோ குரூசரின் அழகே மறைப்பதில் இருக்கிறது. சொக்கை மறைத்திருக்கிறார்கள், வயர்களை மறைத்திருக்கிறார்கள், ஓட்டும் தண்டைக் குழாய்க்குள் மறைத்திருக்கிறார்கள். செயின் தொங்கினால் கண்ணில் படும், துருப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சொல்வார். ஸ்ப்ளைன் காய்ந்தால் யார் சொல்வது? விற்கும்போதும் வாங்கும்போதும் "ஷாஃப்ட் வண்டி, பராமரிப்பே இல்லை" என்று ஒரு வார்த்தை கைமாறி வருகிறது. அண்ணைக்கும் அப்படித்தான் சொல்லி விற்றார்களாம். பராமரிப்புக் குறைவு என்பது உண்மை. இல்லை என்பது பொய்.

திருத்தம்

ஹப்பை என்ன செய்வது என்பதில் ஒரு நாள் யோசித்தோம். டவுனில் ஒரு கடைசல் பட்டறையில் பற்களை வெல்டிங்கால் நிரப்பி மறுபடி வெட்டித் தரலாம் என்றார்கள். செலவு குறைவு, இரண்டு நாளில் முடியும். நான் வேண்டாம் என்றேன். இந்தப் பற்களின் மேற்பரப்பைச் சூடுகாட்டிக் கடினமாக்கியிருப்பார்கள். வெல்டிங் சூட்டில் அது போய்விடும்; பார்க்கப் புதுப் பல்லாக இருக்கும், தொட்டால் வெறும் இரும்பு. ஒரு வாடைக்கும் தாங்காது. அதைவிட, ஒழுங்கில்லாமல் வெட்டிய பற்கள் இன்னும் நல்லபடி இருக்கிற வளையத்தையும் சேர்த்துத் தின்றுவிடும் என்பது என் பெரிய பயம்.

ஜப்பானில் இருந்து புதிதாக வரவழைக்கும் விலை கேட்டதும் அண்ணை தலையில் கை வைத்தார். கடைசியில் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தெரிந்த ஒருவர் மூலம் பழைய வண்டியில் இருந்து கழற்றிய ஹப் ஒன்று கிடைத்தது. படம் அனுப்பச் சொன்னபோது பல்லுக்கு நேரே வெளிச்சம் அடித்து, பக்கவாட்டில் ஒன்று, மேலே இருந்து ஒன்று என்று கேட்டு வாங்கினேன். பழைய பார்ட்ஸ் வாங்குகிறவர்கள் இதைச் செய்ய வேண்டும். "நல்ல சாமான்" என்ற வாய்ச்சொல்லுக்கு அர்த்தமில்லை, பல்லின் தலை தட்டையா கூரா என்று பார்த்தால் போதும். இது தட்டை. இரவு பஸ்ஸில் சாக்கில் சுற்றி வந்து சேர்ந்தது.

பூட்டுவதில் இரண்டு காரியத்தில் நேரம் செலவழித்தேன். ஒன்று சுத்தம். வளையத்தின் பற்களில் ஒட்டியிருந்த சிவப்பை பல் தூரிகையால், மண்ணெண்ணெயில், வெள்ளைத் துணியில் சாயம் வராத வரை தேய்த்தேன். துளி மிஞ்சினாலும் புதுக் கிரீஸோடு கலந்து அராவும் பசையாகிவிடும். பிறகு காயவிட்டு, மொலி கிரீஸைப் பற்களின் சுவரில் விரலால் அழுத்திப் பூசினேன். அள்ளி அப்பக் கூடாது. மிஞ்சியது சுழலும்போது பின் பிரேக் பக்கம் தெறிக்கும். அதுவும் இங்கே டிரம் பிரேக். புது ரப்பர் வளையம் போட்டேன்.

மற்றது நேர்பாடு. கடைசிக் கியர்ப் பெட்டியைச் சுவிங் ஆர்மோடு பிடிக்கும் நட்டுகளைத் தளர்த்தி விட்டு, சில்லை நுழைத்து, அச்சை முதலில் இறுக்கி, அதன்பிறகுதான் பெட்டியின் நட்டுகளை இறுக்கினேன். பெட்டி தானாகவே சில்லுக்கு நேராக வந்து உட்காரும். மாறிச் செய்தால் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து பொருந்தி, கிரீஸ் இருந்தும் தேயும். புது எண்ணெய் விட்டு, சோக்குக் கோடு போட்டு மறுபடி அளந்தேன். 52 இருந்த ஆட்டம் 19.

பின்னேரம் இருவருமாக எடுத்துக்கொண்டு போனோம். சாம்பல்தீவுப் பாலம் தாண்டி நிலாவெளி வரை அவர் ஓட்டினார், நான் பின்னால் இருந்தேன். வேண்டுமென்றே திரொட்டிலை விட்டு விட்டு முறுக்கினார். டங் இல்லை. முறுக்கும்போது பின்பக்கம் லேசாக எழும்பி அமர்வது மட்டும் தெரிந்தது, அது ஷாஃப்ட்டின் இயல்பு. திரும்பி வரும்போது ஒன்றுமே பேசவில்லை. கராஜில் இறங்கியபின் மட்டும், "நாலு மாசமா நான் இந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பயந்து ஓடினன் தம்பி" என்றார்.

வாடைக்குப் பிறகு

2025 மார்ச்சில் வண்டியை மறுபடி வரச்சொன்னேன். வாடை முழுவதும் ஓடியிருந்தது. மீற்றரில் 50,300; திருத்திய பின் 3,400 கிலோமீற்றர். சத்தம் எதுவும் இல்லை, அவர் வரத் தேவையில்லை என்றுதான் நினைத்தார். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

சில்லு ப்ளக் என்று விட்டு வந்தது. கிரீஸ் கருஞ்சாம்பலாக, ஈரமாக, பற்களில் அப்படியே இருந்தது. வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், சிவப்பு இல்லை. ஆட்டம் 19 மி.மீ. மாறவில்லை. ரப்பர் வளையத்தின் வெளிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, உட்பக்கம் சுத்தம். அந்தச் சின்ன வளையம் தன் வேலையைச் செய்திருக்கிறது. வண்டி கழுவுவதை இப்போது மழைத் தொட்டித் தண்ணீருக்கும், அது வற்றினால் குழாய்த் தண்ணீருக்கும் மாற்றியிருக்கிறார். குழாயைப் பின்சில்லின் நடுவுக்கு நேரே பிடிப்பதில்லை.

பழையதைத் துடைத்து மறுபடி பூசிப் பூட்டினேன். நிறுவனத்தின் புத்தகம் என்ன இடைவெளி சொன்னாலும், இந்தக் கரைக்கு 8,000 கிலோமீற்றருக்கு ஒருமுறையும், இடையில் எதற்காகச் சில்லு கழன்றாலும் அன்றைக்கே என்பதும் என் கணக்கு. பக்க மூடியின் உட்புறத்தில் வெள்ளைப் பெயின்ற்றால் 58,000 என்று எழுதி, அதற்குக் கீழே "பல்லுக்குக் கிரீஸ், ரப்பர் வளையம்" என்று அண்ணை தன் கையால் எழுதினார். அடுத்த முறை டயர் மாற்றுகிற பையன் மூடியைத் திறந்தால் அவன் கண்ணிலும் படட்டும் என்றார்.